டைட்டானிக் பாட்டை இன்னுமா கேட்கிறீர்கள்? அதில் அப்படி என்ன இருக்கிறது?

கேட்கிறேன். போன வாரம்கூட இரவுப் பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன்.

1998-ல் அண்ணன் கேசட் வாங்கி வந்தான். ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ ஏறக்குறைய கடைசியில் இருக்கும். ஓட்டி ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். அப்போது எனக்கு வார்த்தைகள் முக்கால்வாசி புரியாது. ஆனால் அந்தப் புல்லாங்குழல் போன்ற ஊதல் தொடங்கியதும் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

பாட்டு வருவது படம் முடிந்த பிறகுதான். ஆனால் அந்த மெட்டு அதற்கு முன்பே நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நார்வே பாடகி சிசெல் வார்த்தையே இல்லாமல் அதைப் பாடியிருப்பார். அதனால்தான் கடைசியில் செலின் டியோன் தொடங்கும்போது புதுப் பாட்டு போலவே இருக்காது, ஏதோ ஞாபகம் வந்தது போல இருக்கும்.

இத்தனைக்கும் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு, படத்தில் பாட்டு வைப்பதில் விருப்பமே இல்லை. இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர், வில் ஜென்னிங்ஸிடம் வரிகளை வாங்கி ரகசியமாகத்தான் பாட்டை உருவாக்கினார். செலினுக்கும் முதலில் பிடிக்கவில்லை. மேலாளரும் கணவருமான ரெனே ஆஞ்சலீல்தான், ‘சும்மா மாதிரிக்குப் பாடிப் பார்க்கலாம்’ என்று சம்மதிக்க வைத்தார். நியூயார்க்கில் ஒரே ஒரு முறை பாடினார். கேமரூன் நல்ல மனநிலையில் இருக்கும் நாளுக்காக ஹார்னர் அந்த டேப்பை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தாராம். மாதிரிக்குப் பாடிய அந்தக் குரலைத்தான் உலகமே கேட்டது. ஆஸ்கர், கிராமி எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஒரு முறைதான் இந்தப் பாட்டின் உயிர் என்று நான் நம்புகிறேன். முதல் சரணத்தைக் கவனித்துக் கேளுங்கள். அவ்வளவு பெரிய குரல் வைத்திருப்பவர், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுவார். வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அப்புறம் கடைசிச் சரணத்தில் சுருதி ஈ மேஜரிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்குத் தாவும். அங்கேதான் குரலை முழுசாகத் திறந்துவிடுவார். முன்னால் அவ்வளவு அடக்கி வைத்திருந்ததால்தான் அந்த இடத்தில் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2022 டிசம்பரில், தனக்கு ‘ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்’ இருப்பதாக அவரே சொன்னார். தசைகள் இறுகிப்போகும் நோய் அது. நடப்பது மட்டுமல்ல, பாடுவதும் கஷ்டமாகிவிட்டது என்றார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. மழை பெய்த அந்த இரவில் ஈஃபிள் கோபுரத்தில் நின்று அவர் பாடினார். இந்தப் பாட்டு இல்லை, எடித் பியாஃபின் பிரெஞ்சுப் பாட்டு. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவர் மூச்சு எடுக்கிறாரா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தார். கடைசி வரி வரை பாடினார்.