குளிக்கிற கேள்வியை ஏன் வெற்றாக விட்டார்கள்?

தங்கச்சி, தன் உடலின் பருமனையும் வடிவத்தையும் பற்றி ஒருவர் எவ்வளவு கவலைப்படுகிறார் என்று அளக்கும் உடல்வடிவ வினாக்கொத்தை (Body Shape Questionnaire) தமிழாக்கி யாழ்ப்பாணத்து உயர்தர மாணவிகளுக்குக் கொடுத்தபோது, ‘குளிக்கையில் உடையில்லாமல் இருக்கும்போது பருமனாகத் தோன்றியதா?’ என்ற கேள்வியைப் பாதிப்பேர் வெற்றாக விட்டதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளில் பிழையில்லை. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு அள்ளிக் குளிக்கிற பிள்ளை இதற்கு என்ன பதில் போடும்?

அந்த வினாக்கொத்து 1987இல் இங்கிலாந்தில் உருவானது. 34 கேள்விகளும் பருமன், உடல்வடிவக் கவலையையே சுற்றுகின்றன. எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்பதோ ‘என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்?’, ‘வெயிலுக்கை திரியாதை, கறுத்துப்போவாய்’. நிறத்தைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை. நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான அல்ஃபா (Cronbach's alpha) 0.9 வந்தது என்று ஆறுதல்படாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது காட்டும். எதை அளக்கிறோம் என்பதை அல்ல.

சரி, இனி என்ன செய்யலாம்? ஐந்தாறு மாணவிகளைத் தனித்தனியாக இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கவிட்டு, ‘உங்களுக்கு இது என்னெண்டு விளங்குது?’ என்று கேளுங்கள். அவர்கள் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மொழிபெயர்ப்பைத் திருத்தி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். நிறம் பற்றிய கேள்விகளைத் தனித்தாளில் வையுங்கள். உள்ளே செருகினால் மொத்தப் புள்ளியை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.