பத்து வெள்ளிப் பத்திரம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா தோட்டத்திலிருந்து வாழ வந்தவர். படிவம் இரண்டில் படிக்கும் என் மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் இடுபணி கொடுத்திருக்கிறார்கள்: ‘நாட்டு வரலாற்றில் என் குடும்பம்’. “நம்ம குடும்பத்துல யாரும்மா என்ன செஞ்சாங்க?” என்று கேட்கிறாள். ‘ரப்பர்த் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் இந்தியர்கள் கொண்டுவரப்பட்டனர்’ என்ற வரியைத் தாண்டி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு தெருவில் குடியிருந்தவர்களின் கதை நாட்டு வரலாறு ஆகுமா?

ம., பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள ம.,

ஆகும். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ‘கொண்டுவரப்பட்டனர்’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் கப்பலை விட்டு இறங்கியதோடு அந்த வாக்கியம் முடிந்துவிடுகிறது. இறங்கிய பிறகு அவர்கள் செய்தது எதற்கும் அதில் வினைச்சொல் இல்லை.

நீங்கள் தினமும் நடக்கிற இடத்திலிருந்தே தொடங்குவோம். 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்து, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகளால் ஆன கோலாலம்பூரைச் சீரழித்தன. இனிச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்டவேண்டும் என்றானபோது சூளைகள் எழுந்த இடம் உங்கள் பேட்டை. சீனர்களின் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் முயற்சி அது. ஆகவே அந்த மண்ணின் கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். 1886இல் கிள்ளானை நோக்கி முதல் ரயில் பாதை திறந்தது. வெள்ளீயம் ரயிலேறியது. இன்று கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நிற்கும் நிலம், அதற்கு முன் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு.

அங்கே எல்லாரும் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்று அழகுபடுத்தி எழுதவேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் (குமாஸ்தாக்களாகவும்) ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். கம்பிச்சடக்கில், அதாவது தண்டவாளத்தில், வெயிலில் நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். உங்கள் அப்பா எந்த வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்தார், யார் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார், யார் வீட்டு வாசலோடு நின்றார் என்று கேட்டால் அதுவே ஒரு பக்கம் வரும்.

இப்போது உங்கள் அம்மா பக்கம். மெர்டேகாவை, அதாவது 1957 சுதந்திரத்தை, ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். தமிழ்ப் பள்ளியும் கோயிலும் அநாதையாகும். மெர்டேகா காலத்துத் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய்ப் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் மக்களிடம் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் உருவானது. சங்கம் தோட்டங்களை வாங்கியது. உங்கள் தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். எதற்காக என்று அதில் நடக்கிற எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

என் பாட்டியின் பங்குப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. பிஸ்கட் டின்னில், வெற்றிலைக் கறை படிந்த துணியில் சுற்றி வைத்திருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. ரேகையின் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பால்வெட்டும் கத்தி கிழித்த தழும்பு அப்படியே பதிந்திருக்கிறது. “பத்து வெள்ளின்னா மூணு நாளு வெட்டுடா. உங்க தாத்தா திட்டுனாரு, நான் கட்டுனேன்” என்பார். ‘கட்டினேன்.’ பாடநூல் வரியில் இல்லாத வினைச்சொல் அது. எல்லாத் தோட்டங்களையும் அந்தப் பணம் காப்பாற்றவில்லை. எங்கள் தோட்டமும் பிறகு கைமாறிப்போனது. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கணவனை மீறிக் கட்டிய காசு, இந்த நாட்டில் நிலம் யாருக்கு என்ற கேள்விக்குள் போயிருக்கிறது. இதைவிடப் பெரிய வரலாறு எனக்குத் தெரியாது.

அதே டின்னில் சின்னத் தாத்தாவின் படமும் இருக்கிறது. அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று கண்டிப்பு வந்தது. மூன்று முறை ஓர் அலுவலகத்துக்கு நடந்தார்; மூன்று முறையும் ஏதோ ஒரு தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருடம் பால் வெட்டியவர் கப்பலேறிவிட்டார். அவரைப்போலத் திரும்பிப்போனவர்கள் ஏராளம். நாடு எடுத்த முடிவு எங்கள் வீட்டில் ஒரு காலிக் கயிற்றுக் கட்டிலாக நின்றது. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதனால் மகளிடம் பெரிய கேள்விகளைக் கொடுத்து அனுப்பாதீர்கள். தாத்தா எத்தனை மணி ஷிப்ட் போனார், சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடித்தார்கள், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார், அட்டை சிவப்பா நீலமா என்று கேட்கட்டும். அம்மாவிடம் பத்து வெள்ளி கட்டியவர்கள் யார் யார் என்று கேட்கட்டும். வீட்டில் ஏதாவது டின் இருக்கும், திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைப் பள்ளித் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுதட்டும். எழுதியதை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.