லியூ பாங்கின் அப்பா

வணக்கம் ஐயா,

சீனாவில் ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங் பற்றிப் படித்தேன். எதிரி ஷியாங் யூ அவருடைய அப்பாவைக் கொதிக்க வைத்துக் கொல்லப்போவதாக மிரட்டியபோது, 'எனக்கும் ஒரு கிண்ணம் சூப் கொடு' என்றாராம். பெற்றவரைப் பற்றி இப்படிப் பேசலாமா? அந்த அப்பா அப்புறம் என்ன ஆனார்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஒரு பேச்சுக்காக நான் லியூ பாங்கைக் குறை சொல்ல மாட்டேன். கி.மு. 205இல் பெங்செங் போரில் தோற்று ஓடியபோது அப்பாவும் மனைவியும் எதிரியிடம் சிக்கினார்கள். கி.மு. 203இல் குவாங்வூவில் படைகள் எதிரெதிரே நின்றபோது, ஷியாங் யூ அந்த முதியவரை உயரமான பலகைமேல் ஏற்றி, 'சரணடை' என்றார். 'நாம் சகோதரர்களாக உறுதி பூண்டவர்கள். என் அப்பா உனக்கும் அப்பாதான்' என்று தொடங்கித்தான் லியூ பாங் சூப்பைக் கேட்டார். பணிந்திருந்தால் இருவர் தலையும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். கொன்று பயனில்லை என்று ஷியாங் யூவின் உறவினர் ஷியாங் போவே தடுத்தார். அதே ஆண்டு சமாதானம் பேசி அப்பாவை விடுவித்தார்கள்.

என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். பேரரசரான பிறகும் லியூ பாங் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து, சாதாரண வீட்டுப் பிள்ளை மாதிரி அப்பாவை வணங்கிவிட்டுப் போவார். அப்பாவின் வீட்டு நிர்வாகிக்கு அது சரியாகப் படவில்லை. 'வானத்தில் இரண்டு சூரியன் கிடையாது. மகனே ஆனாலும் அவர் அரசர், நீங்கள் குடிமகன்' என்றார். அடுத்த முறை மகன் வந்தபோது முதியவர் வேலைக்காரர் மாதிரி கையில் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, பின்பக்கமாகவே நடந்து வரவேற்றார். மகன் பதறி இறங்கித் தாங்கிக்கொண்டார். கி.மு. 201இல் அப்பாவுக்கு 'தாய்ஷாங்ஹுவாங்' (பேரரசரின் தந்தைக்குரிய உயர்ந்த பட்டம்) என்ற பட்டம் வந்தது. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷிஹுவாங் அதை இறந்துபோன தன் தந்தைக்குத்தான் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே பெற்ற முதல் ஆள் இவர். ஆனால் அந்த நிர்வாகிக்கும் 500 ஜின் (சீன எடை அளவு) பொன் பரிசு கிடைத்ததே! அப்பா துடைப்பம் பிடித்தது மகனுக்கு உள்ளுக்குள் பிடித்திருக்கிறது.

கி.மு. 198இல் வெய்யாங் அரண்மனை விருந்தில், 'அண்ணன் அளவுக்கு நான் உருப்பட மாட்டேன் என்றீர்களே, இப்போது யார் சொத்து பெரிது?' என்று கேட்டார். சபை சிரித்தது. அப்பா என்ன சொன்னார் என்று அக்கால வரலாற்றை எழுதிய சீமா சியென் எழுதவில்லை, அந்த அப்பாவின் பெயரைக்கூட. மறு ஆண்டே முதியவர் இறந்துவிட்டார்.

பிற்கால நூல்களில் இன்னொரு கதை உண்டு. மாளிகையில் முகம் வாடியிருந்த அப்பாவின் மனக்குறை என்ன என்று மகன் விசாரிக்கச் சொன்னாராம். சொந்த ஊர் ஃபெங்கின் கசாப்புக்காரர்களும் மது விற்பவர்களும் சேவல் சண்டையும் இங்கே இல்லையே என்பதுதான் குறை. தலைநகருக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஓர் ஊரைக் கட்டி, பழைய ஊர்க்காரர்களையும் கொண்டுவந்து குடியேற்றிய பிறகே அவர் தெளிந்தாராம்.