பார்லர் வேலையும் மனசு பாரமும்: கேளுங்க, சொல்றேன்

மதுரையில 19 வருஷமா பார்லர் நடத்துறேன். கொரோனா நேரத்துல எங்க பொழப்பு எப்படி போச்சுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, எமோஷனல் லேபர்னு சொல்றாங்களே, பார்லர்ல அது என்ன?

பதில்: நம்ம மனசுல என்ன இருந்தாலும் வந்தவங்களுக்கு ஏத்த மாதிரி மூஞ்சியையும் குரலையும் வச்சுக்கிறதுதான்மா. நம்ம ஊர்ல இதுக்கு "அந்தப் பொண்ணு நல்லா பேசும்"னு பேரு. ரேட் கார்டுல ஐப்ரோவுக்கு காசு இருக்கு, அரை மணி நேரம் அவங்க வீட்டுக் கதைய கேட்டதுக்கு கிடையாது.

கேள்வி: மாஸ்க் போட்டு வேலை பாக்குறது கஷ்டமா இருந்துச்சா?

பதில்: த்ரெட்டிங்க்கு, அதான் நூலால முடி எடுக்குறதுக்கு, நூலோட ஒரு முனைய பல்லுல கடிச்சுதான் எங்களுக்கு பழக்கம், மாஸ்க்கோட அது முடியாதுன்னு கழுத்துல மாட்டி இழுக்க புதுசா பழகுனோம், கை தடுமாறி சிவந்துட்டா திட்டும் விழும். சிரிச்சாலும் தெரியாது, அதனால குரல்லயே சிரிக்கணும், மூஞ்சிக்கு முன்னாடி மாட்டுற ஷீல்டுக்குள்ள இருந்து சத்தமா பேசிப் பேசி சாயந்திரம் தொண்டை கட்டிக்கும். அப்பர் லிப், அதான் மேல் உதட்டு முடி எடுக்கணும்னா கஸ்டமர் மாஸ்க்க கழட்டித்தான் ஆகணும், மூச்சு நேரா நம்ம மேல வரும், அப்பவும் பயம் கண்ணுல தெரியக்கூடாது. இதுல 2020 ஜூன்ல வர்றவங்க ஆதார் நம்பர எழுதி வாங்கச் சொல்லி அரசு சொல்லிடுச்சு, பத்து வருஷமா வர்றவங்ககிட்ட ஆதார் கேட்டா "என்னைய நம்பலையா"ன்னு கோவம் வேற.

கேள்வி: கஸ்டமர் அழுதா என்ன செய்வீங்க?

பதில்: ரெண்டாவது அலை லாக்டவுன்ல சாத்துன கடைய 2021 ஜூன் 14 எங்க ஊர்ல திரும்ப தொறந்தோம், அப்ப ஏசி போடக்கூடாது, பாதிப் பேரைத்தான் உள்ள விடலாம். அந்த வாரம் ஒரு அம்மா தலைக்கு ஹென்னா போட வந்தாங்க, மே மாசம் வீட்டுக்காரர் தவறிட்டார், மூஞ்சிய கூட பாக்க முடியலையாம். பேசின்ல தலைய சாய்ச்சு தண்ணி விட்டதும் தோள் குலுங்குது, கேட்டா கண்ணுல ஷாம்பூ போயிடுச்சுங்கிறாங்க, நான் இன்னும் ஷாம்பூவே எடுக்கல. ஒண்ணும் கேக்காம மூணு தடவை அலசிவிட்டேன், அவங்க அழுது முடிக்கட்டும்னு. எங்க அம்மா போய் அப்ப 20 நாள்தான் ஆகியிருந்துச்சு, நான் ராத்திரி கடைய சாத்திட்டு அதே நாற்காலியில உக்காந்து அழுதேன்.

கேள்வி: அப்பா சலூன் வச்சிருக்கார், லாக்டவுன்ல வீட்டுக்கு வரச் சொல்லி ஃபோன் மேல ஃபோன். மறுக்க முடியாம போனார். அது தப்பாக்கா?

பதில்: தப்பில்ல தம்பி. கடை சாத்தி ரெண்டு மாசம் ஆச்சுன்னா அரசு குடுத்த 2,000 ரூபா எத்தனை நாளைக்கு வரும்? அதோட பழகுன மனுஷங்க கூப்பிடுறப்ப முடியாதுன்னு சொல்றதும் ஒரு வலிதான், அப்பாகிட்ட இதைப் பத்தி ஒருநாள் உக்காந்து பேசுங்க.

கேள்வி: நான் பார்லர் ஓனர். ஸ்டாஃபுக்கு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு கஸ்டமருக்கும் அடுத்த கஸ்டமருக்கும் நடுவுல பத்து நிமிஷம் விடுங்க, அதுக்கு கமிஷன்ல கை வைக்காதீங்க. வம்பு பண்ற கஸ்டமர்கிட்ட நீங்களே போய் பேசுங்க, அந்தப் பொண்ண முன்னாடி தள்ளாதீங்க. யாருக்காவது ரொம்ப முடியலைன்னா 14416க்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க, அது டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. பேசுற வரைக்கும் அவங்க நாற்காலிய நீங்க பாத்துக்கங்க.