கர்ப்பத்தில் தோல் புற்றுநோய் அறுவை: கேள்வி பதில்

தோல் அறுவை சிகிச்சை மருத்துவர் நான். கர்ப்பமாக இருக்கும்போது தோல் கட்டியை வெட்டி எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னதும் அடுத்தடுத்து கேள்விகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

18 வாரம். உள்ளங்காலில் இருந்த கறுப்புத் திட்டு பயாப்ஸியில் மெலனோமா என்று வந்துவிட்டது. ஆழம் 0.6 மி.மீ., புண்ணாகவில்லை. பிரசவம் முடிந்து செய்துகொள்ளட்டுமா டாக்டர்?

வேண்டாம் அம்மா. மெலனோமா உடம்பில் பரவக்கூடிய தோல் புற்றுநோய், ஐந்து மாதம் காத்திருக்காது. உங்களுக்கு இந்த ஆழத்தில் பிடிபட்டதே நல்ல விஷயம். சுற்றி 1 செ.மீ. நல்ல தோலோடு சேர்த்து எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், மயக்க மருந்து தேவைப்படாது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். நான்கிலிருந்து ஆறாம் மாதம்வரைதான் இதற்கு வசதியான காலம், நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள்.

உண்மையில் சிரமம் அதற்குப் பிறகுதான். உள்ளங்காலில் ஆற நாளாகும், அங்கே எடையும் போடக்கூடாது. கர்ப்பிணி ஒற்றைக் காலில் நொண்டினால் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் அறுவைக்கு முன்பே வாக்கர் வாங்கி வீட்டில் நடந்து பழகுங்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.

மரத்துப்போகிற ஊசி குழந்தைக்குப் போகாதா?

கொஞ்சம் போகும். ஆனால் பல் டாக்டர் போடும் அதே லிக்னோகெய்ன்தான் இது, கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகப் போட்டுவருகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2 சதவீத மருந்து 5 மி.லி. போட்டால் 100 மி.கி. ஆகும். ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காத மருந்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 4.5 மி.கி., அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு 270 மி.கி. சின்ன அறுவைகளில் அந்த வரம்பை நெருங்குவதே இல்லை. அட்ரினலின் மிக நீர்த்த அளவில் சேர்ப்பதும் நல்லதுதான், மருந்து ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும், ரத்தக் கசிவும் குறையும். அப்புறம், இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள்.

11 வாரம். மூக்கோரத்தில் பேசல் செல் கார்சினோமா. உடனே எடுக்கணுமா? கிரீம் போட்டுச் சரிசெய்ய முடியாதா?

இதுவும் தோல் புற்றுநோய்தான், ஆனால் அவசரம் குறைவு. மெதுவாக வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. நான்காம் மாதம்வரை தாராளமாகப் பொறுக்கலாம். சின்னதாக இருந்தால் பிரசவத்துக்குப் பிறகுகூட எடுக்கலாம், உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் ஃபுளூரோயுராசில் கிரீமைத் தொடவே தொடாதீர்கள், கர்ப்பத்தில் கூடாது. இமிக்விமாட் கிரீமும் வேண்டாம்.

31 வாரம். ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்கச் சொன்னால் மூச்சு முட்டுமே?

அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலைசுற்றல் வரும். வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து இடதுபக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கர்ப்பிணி என்பதை முன்பே சொல்லிவிட்டால் தோலைத் துடைக்க அயோடினுக்குப் பதிலாக குளோர்ஹெக்சிடின் எடுப்பார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் வேண்டாம். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

புள்ளத்தாச்சி உடம்பில் கத்தி படக்கூடாது என்கிறார் மாமியார்.

சிசேரியனுக்கு என்ன சொல்வாராம்? சரி, கிண்டல் வேண்டாம், அவருக்குப் பயம். அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் நேரில் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

கர்ப்பத்தில் மச்சம் கறுப்பது சகஜம்தானே?

இந்த நினைப்புதான் பலரைத் தாமதப்படுத்துகிறது. வயிற்றிலும் மார்பிலும் தோல் விரிவதால் மச்சமும் கொஞ்சம் பெரிதாகும், அது சகஜம். ஆனால் ஒரே ஒரு மச்சம் மட்டும் ஓரம் கோணலாகி, நிறம் மாறி, ரத்தம் கசிந்தால் கர்ப்பத்தின்மேல் பழியைப் போடாதீர்கள். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது என்பதும் தப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். மருதாணி போடுவதற்கு முன் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், போட்ட பிறகு எதுவும் தெரியாது.

குழந்தைக்குப் பரவுமா?

ஆரம்ப நிலையிலேயே எடுத்துவிட்டால் அந்தப் பயம் வேண்டாம். உடம்பில் பரவிய மெலனோமா மிக அரிதாக நஞ்சுக்கொடிவரை போயிருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் மட்டும் பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வோம்.

முன்கையில் தையல் போட்டிருக்கிறார்கள். பத்தாம் நாள் வளைகாப்பு. வளையல் போடலாமா?

தையல் இல்லாத கையில் எத்தனை வேண்டுமானாலும் அடுக்குங்கள். மற்றக் கைக்கு ஒன்றிரண்டு போதும், அதுவும் மணிக்கட்டைத் தாண்டி மேலேறாத அளவில். கண்ணாடி உடைந்து தையலில் குத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. சந்தனம் பூச வருபவர்களிடம் அந்தக் கையை நீட்டாதீர்கள்.