டிஸ்லெக்சியா உள்ள மகளுக்கு சயின்ஸ் குரூப்தான் வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். வாசிப்பதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா என்று நான்காம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். கணக்கிலும் சிக்கல், டிஸ்கால்குலியா. ட்யூஷன் வைத்து எப்படியோ இதுவரை வந்தாயிற்று. இப்போது பெரியப்பா வீட்டார் கூடிப் பேசி, நுழைவுத்தேர்வுக்கு இப்போதே தயார்செய்யும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்தால்தான் ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கிடைக்கும், அப்புறம் இன்ஜினியரிங் என்கிறார்களாம். பிள்ளை இரவில் அழுகிறாள். கொஞ்சம் நேரம் கிடைத்தால் ஃபோனில் வீடியோ எடுத்து எடிட் செய்துகொண்டிருக்கிறாள். இது சோம்பேறித்தனமா என்று அம்மா கேட்கிறார்.

இல்லை அம்மா. எழுத்தை ஒலியோடு சேர்த்துப் பார்க்கும் வேலை அவளுக்குச் சிரமமாக நடக்கிறது. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்ற பிள்ளைகள் ஒரு பக்கத்தை முடிக்கும் நேரத்தில் அவள் ஒரு பத்தியிலேயே களைத்துவிடுகிறாள். இதற்குமேல் ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை. அந்த ஃபவுண்டேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்த வகுப்புகள் முழுக்க வேகத்தை நம்பி நடப்பவை. நீளமான கேள்வியைச் சில நொடிகளில் படித்து, மனக்கணக்காகப் போட்டு, அடுத்ததற்கு ஓட வேண்டும். உங்கள் மகளுக்கு எது வராதோ அதை மட்டுமே வாரம் தவறாமல் சோதித்து, மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுவார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போதும், வாரத்தில் சில நாள் சிறப்புக் கல்வியாளர் ஒருவரிடம் அனுப்பலாம். எழுத்தைப் பார்த்து, ஒலித்து, விரலால் எழுதிப் பழக்கும் முறை இந்த வயதிலும் பலன் தரும். சென்னையில் இருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் விசாரியுங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்டுப் பெறலாம். பள்ளியே வழி சொல்லும். நான் பேச நினைப்பது பெரும்பாலானோர் ஏளனமாகப் பார்க்கும் இன்னொரு வழியைப் பற்றி: தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்.

பெயிலானவர்களுக்கான இடம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது சிபிஎஸ்இ போலவே மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் வாரியம். 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேர்ச்சிக்கு 5 பாடம் போதும். அதில் ஒரு மொழி இருந்தால் சரி. கணக்கு கட்டாயமில்லை, அறிவியலும் கட்டாயமில்லை. தமிழோ ஆங்கிலமோ ஒன்று, அதனுடன் ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி, உளவியல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓவியத்திலும் டேட்டா என்ட்ரியிலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. கையால் செய்து காட்டுவது இவளுக்கு வரும்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதிவு 5 ஆண்டுகள் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை இரண்டு என்று பிரித்து எழுதலாம். தேறிய பாடம் கணக்கில் நின்றுவிடும். கூடுதல் நேரமும் எழுத்தரும் இங்கும் உண்டு. வேறு வாரியத்தில் பத்தாவது எழுதிச் சில பாடங்களில் தேறாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் மாஸ் கம்யூனிகேஷனே ஒரு பாடமாக இருக்கிறது. வீடியோவிலேயே மூழ்கிக் கிடக்கும் பிள்ளைக்கு அங்கிருந்து விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு நேர்வழி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பள்ளி கிடையாது, தோழிகள் விலகிப்போவார்கள். பாடப்புத்தகங்கள் தடிமனாக இருக்கும். யாராவது உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும், அல்லது ஒலியாகக் கேட்கச் செய்ய வேண்டும். தமிழக அரசு வேலை மனதில் இருந்தால், என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழை மாநில வாரியச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கும் விதிகளையும் தமிழ்மொழித் தகுதியையும் பதியும் முன்பே விசாரியுங்கள். 'கட்டாயம் பாஸ்' என்று பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள், நேரடியாக என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் பதியலாம்.

அடுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழ். வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று பெரியம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கொடுத்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்ட பிரிவில் அவளும் வருவாள். சேர்க்கை வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. நான்காம் வகுப்பில் எடுத்த பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், அரசு மருத்துவமனையில் மறுமதிப்பீட்டுக்குத் தேதி வாங்குங்கள்.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் விளக்குவதற்கு முன் அவளிடம் பேசுங்கள். பள்ளியை விட அவளுக்கு மனமில்லை என்றால், சலுகைகளோடு அங்கேயே பத்தாவது எழுதட்டும். ப்ளஸ் ஒன்னுக்கு வரும்போது மாறிக்கொள்ளலாம். திறந்தநிலைப் பள்ளிக்குச் சம்மதம் என்றால், பாடப் பட்டியலை அவள் முன் வைத்து, ஒவ்வொரு பாடத்தின் மாதிரி வினாத்தாளையும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எதை எடுப்பது என்று அவளே சொல்லட்டும்.