கீக் ஆசாமிகளுக்கு டேட்டிங்கில் கைகொடுக்கும் 'தொடர் கேள்வி' என்றால் என்ன?

கோடிங், சதுரங்கம், அனிமே என்று ஒன்றிலேயே மூழ்கிக் கிடக்கும் கீக் ஆசாமிகளுக்கு, முதல் சந்திப்பில் என்ன பேசுவது என்பதுதான் பெரிய பயம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது தொடர் கேள்வியைத்தான். எதிரில் இருப்பவர் இப்போது சொன்ன பதிலிலிருந்தே எடுத்துக் கேட்கும் அடுத்த கேள்வி, அவ்வளவுதான்.

"லீவு நாளில் மாடித் தோட்டத்தில்தான் இருப்பேன்" என்கிறார் அவர். உடனே "நான் ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டை வைத்துத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தால், அப்புறம் இருபது நிமிடம் சென்சார் கதைதான். "முதலில் என்ன செடி வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டுப்போன தக்காளிச் செடி, விதை கொடுத்த பாட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இது ஏன் பலிக்கிறது? காது கொடுத்துக் கேட்காமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. 2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும், விரைவு டேட்டிங்கில் (ஒரே நிகழ்ச்சியில் பலரைச் சில நிமிடங்கள் வீதம் சந்தித்துப் பேசுவது) தொடர் கேள்விகள் அதிகம் கேட்டவர்களை மறுபடி சந்திக்கக் கூடுதல் பேர் சம்மதித்தார்கள்.

பந்தியில் நன்றாகப் பரிமாறுபவர் இலையைப் பார்ப்பார். எது தீர்ந்திருக்கிறதோ அதைக் கொண்டுவருவார். தன் கையிலிருக்கும் வாளியைக் காலி செய்வதில் குறியாக இருக்க மாட்டார். பேச்சும் அப்படித்தான். நிரலில் பிழை தேடும்போது ஒரு விடையைப் பிடித்து அடுத்த கேள்விக்குப் போகிறீர்களே, அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

உங்கள் ஆர்வத்தை மறைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் திருப்பிக் கேட்கும்போது சென்சார் கதையைத் தாராளமாகச் சொல்லலாம்.